மூக்கு வழியே பிட்யூட்டரி கட்டி: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

கேள்வி: என் அப்பாவுக்கு 53 வயது. நாமக்கல்லில் இருந்து வடக்கே லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். ஒரு வருடமாக வண்டி பக்கவாட்டில் உரசுவது அதிகமாகிவிட்டது. பக்கத்தில் வந்த பைக்கைக் கவனிக்கவில்லை என்று இரண்டு முறை தகராறும் ஆனது. மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினோம். மூன்றாவதாகப் பார்த்த கண் டாக்டர் ஃபீல்டு டெஸ்ட் (ஓரப் பார்வைச் சோதனை) எடுத்துவிட்டு உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். பிட்யூட்டரியில் 2.8 செ.மீ. கட்டி, கண் நரம்பை அழுத்துகிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இதற்கிடையில் உடம்பு அசதிக்காகப் பார்த்த உள்ளூர் டாக்டர், தைராய்டு குறைவு என்று பத்து நாளாக மாத்திரை கொடுக்கிறார். அதிலிருந்து தலைசுற்றலும் வாந்தியும் கூடியிருக்கிறது. நியூரோ சர்ஜன் மூக்கு வழியாகவே கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார். அது இப்போது வந்த சோதனை முயற்சி, தலையைத் திறந்தால்தான் முழுதாக எடுக்க முடியும் என்கிறார் பெரியப்பா. மூக்கில் மூலிகைச் சாறு விட்டால் கரைந்துவிடும் என்கிறார் அத்தை. மாத்திரையில் சரியாகாதா? ஆபரேஷனுக்குப் பிறகு மூளை நீர் மூக்கில் வடியும் என்கிறார்களே? அப்பா திரும்ப லாரி ஓட்ட முடியுமா? கட்டி என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.
— மகள், நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது கட்டியின் அளவு அல்ல, தைராய்டு மாத்திரை பற்றிய அந்த ஒரு வரிதான். அதனால்தான் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்து, அப்பாவை உடனே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொன்னேன். அது மிகவும் குறைந்திருந்தது என்றும், அதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டதும் வாந்தி நின்றது என்றும் பிறகு சொன்னீர்கள். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காக அந்த விஷயத்தை இங்கே விளக்கிவிட்டு மேலே போகிறேன்.

பிட்யூட்டரி, மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி அளவே உள்ள சுரப்பி. தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல், ஆண்களுக்கு விதைப்பை, பெண்களுக்கு சினைப்பை என எல்லாவற்றுக்கும் உத்தரவு போகும் இடம் அது. அங்கே கட்டி வளர்ந்து நல்ல சுரப்பியை நசுக்கும்போது ஒவ்வோர் உத்தரவாக நின்றுபோகும். தைராய்டு குறைவது அதில் ஒன்று. கூடவே அட்ரினலுக்குப் போகும் உத்தரவும் நின்றிருந்தால் அது சுரக்கும் கார்டிசாலும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் உடம்பு வேகம் எடுக்கும், மிச்சம் இருக்கிற கொஞ்சம் கார்டிசாலும் சீக்கிரம் செலவழிந்துவிடும். வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது, மயக்கம் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். பிட்யூட்டரி கட்டி உள்ளவருக்கு முதலில் காலை 8 மணி கார்டிசால் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் ஹைட்ரோகார்டிசோன் கொடுத்து அதைச் சரிசெய்த பிறகுதான் தைராய்டு மாத்திரை. இந்த வரிசை மாறக் கூடாது. இன்னொன்று, இவர்களுக்கு டி.எஸ்.எச். (தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு) அளவு சாதாரணமாகவே வரலாம். தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் குறைவு தெரியும்.

இப்போது அப்பா எடுக்கும் ஹைட்ரோகார்டிசோனை எந்தக் காரணத்துக்காகவும் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு என்றதும் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். இது உடம்பில் இயல்பாக ஊற வேண்டியதை வெளியிலிருந்து ஈடுகட்டுவது, அவ்வளவுதான். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். வாந்தி வந்து மாத்திரை வயிற்றில் நிற்காவிட்டால் ஊசியாகப் போட வேண்டும். இதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பைக் தெரியாமல் போனது. இரண்டு கண்களில் இருந்தும் வரும் நரம்புகள் பிட்யூட்டரிக்குச் சற்று மேலே ஒன்று சேர்ந்து, பாதி இழைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறிப் போகின்றன. அப்படி மாறிப் போகும் இழைகள்தாம் இரு பக்க ஓரப் பார்வையைச் சுமப்பவை. கட்டி கீழிருந்து தள்ளும்போது முதலில் அடிபடுவது அவைதான். நேர்ப்பார்வை நன்றாகவே இருக்கும். கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரிவரை படித்துவிடுவார். அதனால்தான் கண்ணாடியை எத்தனை முறை மாற்றியும் பயன் இல்லாமல் போனது. உங்கள் அப்பா கவனக்குறைவாக ஓட்டியவர் அல்ல. இரண்டு ஓரமும் மறைந்த கண்ணோடு ஒரு வருடம் கனரக வாகனம் ஓட்டியிருக்கிறார். தகராறு செய்தவர்களுக்கும், வீட்டில் அவரைக் கடிந்துகொண்டவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மாத்திரையில் சரியாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மிக நல்ல கேள்வி. உங்கள் பெரியப்பா மூக்கா தலையா என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியதும் இதைத்தான். பிட்யூட்டரி கட்டிகளில் ஒரு வகை புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது. அந்த வகைக்கு, கட்டி பெரிதாக இருந்தாலும், கண் நரம்பை அழுத்தினாலும்கூட, பெரும்பாலும் முதல் வைத்தியம் கேபர்கோலின் மாத்திரைதான். வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடும் சின்ன மாத்திரை. அதிலேயே கட்டி சுருங்கி, சில வாரங்களில், சிலருக்குச் சில நாட்களிலேயே, பார்வை திரும்புவதைப் பார்க்கிறோம். ஆகவே புரோலாக்டின் ரிப்போர்ட் கையில் வராமல் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கக் கூடாது.

நீங்கள் அனுப்பிய தாள்களில் எம்.ஆர்.ஐ., சர்க்கரை, உப்பு, தைராய்டு எல்லாம் இருக்கின்றன. புரோலாக்டின் இல்லை. அதை உடனே எடுங்கள். ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 2.8 செ.மீ. கட்டி உண்மையிலேயே புரோலாக்டின் சுரக்கும் வகை என்றால் அளவு (ng/mL கணக்கில்) பொதுவாகப் பல நூறாகவோ ஆயிரக்கணக்கிலோ இருக்கும். 40, 60 என்று வந்தால் அது வேறு வகைக் கட்டி. பிட்யூட்டரிக் காம்பை அழுத்துவதால் புரோலாக்டின் லேசாக ஏறியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். அதைப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால் கண் நரம்பு வீணாகப் போகும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். ரத்தத்தில் புரோலாக்டின் அளவுக்கு மீறி இருக்கும்போது சில பரிசோதனை முறைகள் திணறிப்போய்க் குறைவான எண்ணைக் காட்டிவிடும். பெரிய கட்டி, ஆனால் எண் சுமாராக இருக்கிறது என்றால் ரத்த மாதிரியை நூறு மடங்கு நீர்த்து மறுபடி பார்க்கும்படி லேபிடம் கேட்க வேண்டும். கூடவே, வளர்ச்சி ஹார்மோன் கூடியிருக்கிறதா என்று காட்டும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். கொஞ்ச காலமாக அப்பாவுக்குச் செருப்பு அளவு கூடியிருக்கிறதா, மோதிரம் இறுகிவிட்டதா என்றும் கேளுங்கள். வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டியின் அடையாளம் அது.

புரோலாக்டின் சுரக்கும் வகை இல்லை என்று உறுதியானால், கண் நரம்பை அழுத்தும் இந்த அளவுக் கட்டிக்கு ஆபரேஷன்தான் வழி. மூலிகைச் சாறு பற்றி அத்தைக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மூக்கில் விடுகிற எதுவும் எலும்பையும் மூளை உறையையும் தாண்டிக் கட்டிக்குப் போய்ச் சேராது. மூக்கின் உள்சவ்வு புண்ணானால் ஆபரேஷன்தான் தள்ளிப்போகும். அந்தச் சவ்வு எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

இனி பெரியப்பாவின் சந்தேகம். இது இப்போது வந்த சோதனை முயற்சி அல்ல. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் 1907-லேயே மூக்கு வழியாகப் பிட்யூட்டரி கட்டியை எடுத்தார். அமெரிக்காவில் நரம்பு அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஹார்வி குஷிங், 1910-க்கும் 1925-க்கும் இடையில் மேல் உதட்டுக்கு உட்புறமாகக் கீறி, மூக்குத் தண்டு வழியே 231 கட்டிகளுக்கு இதைச் செய்தார். அப்புறம் அவரே இந்த வழியை விட்டுவிட்டுத் தலையைத் திறக்கும் முறைக்குப் போனார். காரணம் சிக்கலானது ஒன்றும் அல்ல. இவ்வளவு ஆழமான, குறுகிய பாதைக்குள் போதிய வெளிச்சம் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது. குஷிங்கிடம் பயின்ற எடின்பரோ மருத்துவர் நார்மன் டாட் மட்டும் பிடிவாதமாக இதைக் கைவிடாமல் வைத்திருந்தார். அவரிடமிருந்து பாரிஸின் ஜெரார் கியோ கற்றுக்கொண்டார், கியோவிடமிருந்து மான்ட்ரியலின் ஜூல் ஆர்டி கற்றுக்கொண்டார். 1960-களில் ஆர்டி இந்தப் பாதையில் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்த பிறகு உலகமெங்கும் மறுபடி மூக்கு வழிக்கு வந்துவிட்டார்கள். 1990-களில் மைக்ராஸ்கோப்பின் இடத்துக்கு எண்டோஸ்கோப் (விளக்கும் காமிராவும் பொருத்திய மெல்லிய குழல்) வரத் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் பழகிய பாதையில் புதிதாக வந்தது வெளிச்சமும் காமிராவும்தான்.

நம் மாநிலத்திலும் நரம்பு அறுவை சிகிச்சைக்கு நீண்ட மரபு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-லும் இந்தத் துறையைத் தொடங்கினார்கள். இதற்காக வெளிநாடு போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மூக்கு வழி ஏன் நல்லது? வெளியே தழும்பு தெரியாது என்பதற்காக இல்லை. தழும்பு இரண்டாம் பட்சம். மூக்கின் பின்கோடியில் ஸ்பீனாய்டு என்ற சைனஸ் இருக்கிறது, காற்று நிரம்பிய வெற்று அறை. அதன் பின்சுவர்தான் பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கும் குழியின் முன்சுவர். மேலிருந்து போனால் மூளையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் நரம்புகளுக்கு இடையே புகுந்து கட்டியைத் தொட வேண்டும். மூக்கு வழியே போனால் கட்டிதான் முதலில் எதிர்ப்படும். மூளையைத் தொட வேண்டியதில்லை, கண் நரம்பு கட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கட்டியின் உள்பகுதியைக் கரண்டி போன்ற வளையக் கருவியாலும் உறிஞ்சியாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க எடுக்க, மேலே தூக்கிக்கொண்டிருந்த பகுதி தானாகக் கீழே இறங்கும். கண் நரம்பின் மேலிருந்த அழுத்தமும் விலகிவிடும். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் மென்மையானவை என்பதும் வசதிதான்.

நான் காது-மூக்கு-தொண்டை மருத்துவன். இந்த ஆபரேஷனில் என் பங்கு பாதை அமைப்பதும், கடைசியில் அதை அடைப்பதும். 4 மி.மீ. தடிமன் உள்ள எண்டோஸ்கோப்பை ஒரு துவாரத்தில் விட்டு நான் பிடித்துக்கொள்ள, நியூரோ சர்ஜன் இரு கைகளாலும் வேலை செய்வார். இரண்டு துவாரங்கள், இரண்டு மருத்துவர்கள், முன்னால் திரை. குழியின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் ஓடுகின்றன. அவை எங்கே வளைகின்றன என்பதை ஆபரேஷனுக்கு முன்பே சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்து வைத்துக்கொள்வோம். அறையில், எங்கே இருக்கிறோம் என்பதை ஸ்கேன் படத்தில் காட்டும் நேவிகேஷன் கருவியும், ரத்தக் குழாயின் ஓட்டத்தைக் காதால் கேட்கச் செய்யும் டாப்ளரும் இருக்கும். கரோட்டிட்டில் காயம் ஏற்படுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் ஏற்பட்டால் மிகப் பெரிய ஆபத்து. ஒப்புதல் படிவத்தில் அந்த வரியைப் பார்த்துத் திடுக்கிடாமல், அதைத் தடுக்க என்ன செய்கிறீர்கள் என்று மருத்துவரிடமே கேளுங்கள். கேட்கப்படுவதை நல்ல மருத்துவர் விரும்புவார்.

பெரியப்பா சொல்வதில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். எல்லாக் கட்டிக்கும் மூக்கு சரிப்படாது. கரோட்டிட்டைத் தாண்டி, கண் நரம்புக்கு வெளிப்புறமாக, மூளையின் பக்கவாட்டுக்குப் பரவிய கட்டிக்கு மூக்கு வழியாகக் கருவி எட்டாது. அங்கே தலையைத் திறப்பதுதான் பாதுகாப்பு, சிலருக்கு இரண்டும் தேவைப்படும். உங்கள் அப்பாவின் எம்.ஆர்.ஐ. அறிக்கைப்படி கட்டி நடுவில் மேல்நோக்கி வளர்ந்திருக்கிறது, இடது பக்கம் மட்டும் கரோட்டிட்டை ஒட்டியுள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்தநாள அறைக்குள் கொஞ்சம் நுழைந்திருக்கிறது. நடுவில் இருப்பதற்கு மூக்கே நேர்வழி. அந்த இடது ஓரத் துணுக்கைத் தலையைத் திறந்தாலும் சுலபமாக எடுத்துவிட முடியாது. அங்கே கண்ணை அசைக்கும் நரம்புகள் ஓடுகின்றன. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டு, வருடாவருடம் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்து, வளர்ந்தால் காமா நைஃப் போன்ற கதிர்வீச்சு கொடுப்பது நல்ல முடிவு. மருத்துவர் கொஞ்சம் மீதி இருக்கும் என்று முன்கூட்டிச் சொன்னால் அவருக்குக் கைத்திறன் போதாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆபரேஷனின் முதல் நோக்கம் கண்ணைக் காப்பது.

மூளை நீர் வடிவது பற்றிய பயம் நியாயமானது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீருக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள மெல்லிய தடுப்பைத் தொட்டு வேலை செய்கிறோம். சில சமயம் கட்டி இறங்கும்போது அந்தத் தடுப்பில் கீறல் விழும். விழுந்தால் அங்கேயே அடைக்க வேண்டும். சின்னக் கசிவுக்கு வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொஞ்சம் கொழுப்பு எடுத்து வைப்போம். பெரிதாக இருந்தால் தொடைத் தசையின் உறையை வைத்து, அதன் மேல் மூக்குத் தண்டின் சவ்வை ரத்தக் குழாயோடு சேர்த்துத் திருப்பிப் போர்த்துவோம். மூக்கில் ஆபரேஷன் என்றார்கள், தொடையில் ஏன் கட்டு என்று உறவினர்கள் கலவரப்படுவது வழக்கம். முன்பே சொல்லி வையுங்கள்.

அந்தச் சவ்வு மடிப்பைப் பற்றித் தனியே எழுத ஆசை. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்து மருத்துவர்கள் ஹதாத்தும் பஸ்ஸகஸ்தெகியும் உருவாக்கி, 2006-ல் உலகுக்குத் தெரியவந்த முறை அது. ஸ்பீனோபாலட்டைன் தமனியிலிருந்து வரும் ஒரு சின்னக் கிளை அந்த மடிப்புக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். உயிருள்ள சவ்வு என்பதால் புதிய இடத்தில் ஒட்டி ஆறிவிடும். அதற்கு முன்பு பெரிய கட்டிகளை மூக்கு வழியே எடுக்கத் தயங்கியதற்கு முக்கியக் காரணமே இந்தக் கசிவுதான். இந்த மடிப்பு வந்த பிறகுதான் கிரேனியோஃபாரிஞ்சியோமா, மெனிஞ்சியோமா, கார்டோமா போன்ற கடினமான கட்டிகளிலும் பலவற்றுக்கு மூக்கு வழி திறந்தது. இன்று பிட்யூட்டரி ஆபரேஷனில் பிறகு நீர் கசிவது, அனுபவமுள்ள குழுவிடம், நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்குள் இருக்கும். கசிந்தாலும் மறுபடி அடைக்கலாம். ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளைக் காய்ச்சல் வரும். குனிந்தால் ஒரு துவாரத்தில் மட்டும் தண்ணீர் போலச் சொட்டுவது, தொண்டையில் உப்புக் கரிப்பு, உட்கார்ந்தால் அதிகமாகி, படுத்தால் குறையும் தலைவலி: இவற்றில் ஏதாவது வந்தால் சளி என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் அன்று இரவே வண்டி பிடித்து வந்துவிட வேண்டும்.

அப்பா பீடி பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூக்குப்பொடியும் கூடாது. அந்தச் சவ்வுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் புகை குறைக்கிறது.

இத்தனையும் எழுதிய பிறகும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஆபரேஷன் அறை அல்ல, வீட்டுக்கு வந்த பிறகு வரும் நாட்கள்தான். மூன்று முதல் ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முகத்தில் கட்டு இருக்காது, அப்பா நடமாடுவார், சாப்பிடுவார், எல்லோரும் நிம்மதியாகிவிடுவீர்கள். பிட்யூட்டரியின் பின்பகுதிதான் உடம்பின் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்பது. அதைத் தொட்ட அதிர்ச்சியில் முதல் சில நாட்கள் சிறுநீர் ஏராளமாகப் போகலாம், தாகம் அடங்காது. அப்போது தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும், தேவைப்பட்டால் சிறுநீர்ப் போக்கைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மருந்து கொடுப்பார்கள். ஆனால் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் சிலருக்கு நிலைமை அப்படியே தலைகீழாகும். உடம்பு தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், முற்றினால் வலிப்பு. அசதியாக இருக்கிறார் என்று வீட்டில் இளநீர், மோர், ஜூஸ் என்று அன்போடு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். குடிக்கக் குடிக்கச் சோடியம் இன்னும் இறங்கும்.

ஆகவே வீட்டுக்குக் கிளம்பும்போது மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், ஏழாம் நாள் சோடியம் பார்க்கும் சீட்டு, இரவில் அழைக்க ஒரு எண். நாமக்கல்லிலேயே எந்த லேபிலும் சோடியம் பார்த்துவிடலாம், 135-க்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் ஜக் வாங்கி, குடித்தது எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். இதை உங்களைப் போல் அக்கறை உள்ள ஒரு பிள்ளையால் நன்றாகச் செய்ய முடியும். மருத்துவமனைக்கு வரும் எந்த ஸ்கேனையும்விட அந்த நோட்டுதான் சில நேரம் எங்களுக்கு அதிகம் சொல்கிறது.

மூக்கைப் பார்த்துக்கொள்வது: சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், அடக்கக் கூடாது. குனிவது, கனம் தூக்குவது, மலம் கழிக்க முக்குவது கூடாது. மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கட்டும். உப்பு நீரால் மூக்கைக் கழுவச் சொல்லும்போது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்துங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஆவி பிடிப்பது, நசியம், எண்ணெய் விடுவது எதுவும் கூடாது. பொருக்கு கட்டுவதும் வாசனை சரியாகத் தெரியாததும் சில வாரம் இருக்கும், பெரும்பாலும் சரியாகிவிடும். ரசத்தில் வாசனை இல்லை என்று அப்பா சொன்னால் கவலைப்படாதீர்கள்.

எங்கே செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். சேலம், கோவை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் நியூரோ சர்ஜரித் துறை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம். எந்த இடமானாலும் கட்டடத்தைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறார்களா, காது-மூக்கு-தொண்டை மருத்துவர் கூட இருப்பாரா, ஹார்மோன் மருத்துவர் உண்டா, நள்ளிரவில் சோடியம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அடிக்கடி செய்கிற இடங்களில் சிக்கல் குறைவு என்பது பல நாடுகளிலும் தெரியவந்த உண்மை. காத்திருக்கும் நாட்களில் அப்பாவுக்குத் திடீரென்று தாங்க முடியாத தலைவலி, பார்வை சட்டென்று மங்குவது, ஓர் இமை தொங்கிப்போவது வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அது அவசரம், நாள் பார்க்கக் கூடாது.

லாரி விஷயம். இன்றிலிருந்து ஸ்டியரிங் தொடக் கூடாது, ஊருக்குள் பைக்கும் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு ஓரப் பார்வையில் முன்னேற்றம் தெரிகிறது. சிலருக்கு மயக்கம் தெளிந்த அன்றே தெரியும், மற்றவர்களுக்கு மாதங்கள் ஆகும். முழுதாகத் திரும்புமா என்பது நரம்பு எவ்வளவு காலம் நசுங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது. சுமார் மூன்று மாதத்தில் எம்.ஆர்.ஐ.யோடு ஃபீல்டு டெஸ்ட் மறுபடி எடுப்பார்கள். இரு ஓரமும் தெளிந்திருக்கிறது என்று கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே வண்டி. தெளியாவிட்டால் கனரக வாகனம் இனி இல்லை. இந்த வாய்ப்பையும் இப்போதே மனதில் வைத்து, முதலாளியிடம் ஷெட்டிலோ புக்கிங் ஆபீசிலோ வேலை இருக்குமா என்று பேசி வையுங்கள். வருமானத்தை நினைத்து அவசரப்பட்டு வண்டி ஏறும் அப்பாக்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

கடைசியாக, அப்பாவிடம் சொல்வது. சொல்லுங்கள். அவர் ஒரு வருடமாகத் தன் கண்ணையும் கையையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். தவறு தன்னுடையது அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. பிட்யூட்டரியில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, எடுத்த சதையைப் பரிசோதித்து அதை உறுதி செய்வார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தண்ணீர்க் கணக்கு, மாத்திரை வேளை, தும்மல் எல்லாம் அவர் ஒத்துழைத்தால்தான் நடக்கும். ஃபீல்டு டெஸ்ட் தாளில் இரு ஓரமும் கறுப்பாக இருப்பதை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டுங்கள், டாக்டரைப் பார்க்கும்போது பெரியப்பாவையும் கூட அழைத்துப் போங்கள். புரோலாக்டின் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசுவோம்.